மச்சான் எழுதிய ஒரு வரி

கீபோர்டில் என்ன அடித்தாலும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக அடித்தார், வேகமாக அடித்தார், கடைசியில் உள்ளங்கையாலும் ஒரு போடு போட்டார். கறுப்புத் திரை கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே இருந்தது.

அந்தப் பார்சல் கம்பெனியின் கவுன்டர்களில் ஓடும் புரோகிராமை எழுதியது அவரும் அவர் மனைவியின் தம்பியும். எழுத்து மட்டும் ஓடும் திரையில் கட்டம் கட்டவும் நிறம் பூசவும் யாரோ புண்ணியவான்கள் லைப்ரரி என்று ஒரு ரெடிமேட் புரோகிராம் தொகுப்பை எழுதி, உலகத்துக்கே இலவசமாக விட்டிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இருவரும் ஒரே மேஜையில் தோள் உரச எழுதினார்கள்.

வினை அப்புறம்தான் வந்தது. புரோகிராமை மூடும்போது, திரையை வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்க ஒரு வரி வேண்டும் என்று தானே எழுதிச் சேர்த்தான் மச்சான்.

"அதெல்லாம் தெண்டம். உனக்கு என்ன தெரியும்?" என்றார் இவர்.

எல்லார் முன்னாலும் சொன்னதுதான் தப்பு. மச்சான் வேலையை விட்டே போய்விட்டான். வீட்டில் மனைவி தன் பேச்சைக் குறைத்துக்கொண்டு பாத்திரங்களைப் பேசவிட்டாள்.

இன்று அந்த வரியைத் தூக்கிவிட்டுத் தன் மெஷினில் மட்டும் ஓட்டிப் பார்த்தார். மூடியதும் திரை ஊமையாகிவிட்டது. மறுபடி திறந்து மூடினார். எழுத்துகள் படிக்கட்டு இறங்குவதுபோல் கோணலாக வந்தன. நிறத்தை மாற்றிப் பார்த்தார். கறுப்பின் மேல் கறுப்பு எழுத்து வந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மச்சானுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுதே?"

"அவன் என்ன பெரிய இவனா?"

புது புரோகிராம் இன்றைக்கு வராது என்று கவுன்டர்களுக்குச் சொல்லவேண்டும். அடிக்கிற வரியை எல்லாக் கவுன்டர் திரைகளுக்கும் அனுப்பும் அறிவிப்புப் புரோகிராமின் பெயரைக் குருட்டாம்போக்கில் அடித்து என்டர் தட்டினார். ஒன்றும் தெரியாததால், அது திறக்கவில்லை என்று முடிவு கட்டினார்.

கீபோர்டாவது உயிரோடு இருக்கிறதா? சோதனைக்கு எப்போதும் அடிக்கும் வாக்கியத்தையே அடித்தார். 'என் மச்சான் ஒரு மக்கு.' என்டர். கோபம் தீரவில்லை. 'சொந்தமா ஒரு வரி எழுதத் துப்பில்லாதவன்.' என்டர்.

பிறகு கை ஓய்ந்தது. பக்கத்தில் மச்சானின் நாற்காலி காலியாக இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் விரல்கள் தாமாகவே நகர்ந்தன.

'உன் வரி சரிதான்டா. தப்பு என்னோடது. எனக்குத் தோணாதது உனக்குத் தோணிடுச்சேன்னு வயித்தெரிச்சல். திரும்பி வந்துடு.' என்டர்.

கண் கலங்கியது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று வருந்தினார். சாயங்காலம் போய் நேரிலேயே சொல்லிவிடுவது என்று எழுந்தபோது, கவுன்டர் அம்மா வந்து நின்றார்.

"சார், கொஞ்சம் நிறுத்துறீங்களா? பார்சல் நம்பர் போட இடமில்ல. திரை பூரா உங்க மச்சான்தான்."

அவருக்கு உயிர் போய் வந்தது. "எல்லாமே வந்துச்சா?"

"ஒரு எழுத்து விடாம. கடைசியா எழுதினதைப் படிச்சு எனக்கே அழுகை வந்துடுச்சு."

வெட்கத்தோடு அவருக்கு ஒரு நிம்மதியும் வந்தது. "போகட்டும். யாராவது அவன் காதுல போட்டா சரி."

அந்த அம்மா தயங்கினார்.

"அவரே வந்திருந்தாரு சார். அக்கா அனுப்புனாங்கன்னு சமாதானம் பேச வந்து, நீங்க வேலையா இருக்கீங்களேன்னு என் கவுன்டர்லதான் உக்காந்திருந்தாரு. ரெண்டாவது வரி வந்ததும் எந்திரிச்சுப் போயிட்டாரு."