சக்கரமும் வந்தது, சமையக்கட்டும் வந்தது

கருவடிக்குப்பம், புதுச்சேரி
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்பும் பாசமும் நிறைந்த தம்பி ராஜவேலுக்கு,

உன் அக்கா செல்வாம்பாள் மனம் நிறைந்து எழுதும் மடல். இவ்விடம் நானும் உன் மாமாவும் சுகம். அவ்விடம் நீயும் ஹேமலதாவும் குழந்தை அபியும் அந்தப் பாரீஸ் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ அன்போடு அனுப்பிவைத்த பொம்மை ரயில் எஞ்சினுக்கான புதுச் சக்கரங்கள் சேதாரம் ஏதுமின்றி வந்து சேர்ந்தன என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சேதாரம் இல்லைன்னு எழுதிட்டேனே தவிர அது ஒரு பெரிய கதை, பின்னாடி சொல்றேன்.

போன் இருக்கும்போது எதுக்குக்கா லெட்டருன்னு நீ கேப்ப. போன்ல பேசினா உன் மாமா பக்கத்துலயே உக்காந்துகினு நான் இன்னா சொல்லணும்னு எடுத்துக்கொடுக்கிறாரு, அப்புறம் நான் சொன்னது சரியில்லன்னு போனை வாங்கி அவரே பேசிடறாரு, கடைசியில வெச்சிடவும் வெச்சிடறாரு. அதான் எழுதறேன். உன் கூட அங்க வேலை செய்யறானே நம்ம தெரு வினோத்குமாரு, அவன் லீவு முடிஞ்சி ஞாயித்துக்கெழமை கெளம்பறான். அவன் கையில மாங்கா ஊறுகாயும் கருவாட்டுப் பொடியும் கொடுத்தனுப்பறேன். அதோட இந்தக் கடுதாசியும் வரும், ஊறுகா எண்ணெ பட்டிருந்தா கோச்சிக்காத.

உன் மாமாவப் பத்தி உனக்குத் தெரியாதது இல்ல. மில்லுல மேஸ்திரி, மில்லை மூடினப்புறம் தட்டாஞ்சாவடி கம்பெனியில சூப்பர்வைசரு. ஆயுசு பூரா அடுத்தவங்க வேலை செய்யறத நின்னு பாத்த மனுசன். ரிட்டயர் ஆயி வூட்டுக்கு வந்தாரு, இங்க வேலை செய்யற ஆளு நான் ஒருத்திதான். விடுவாரா. காலையில குளிச்சி விபூதி வெச்சிகினு நேரா சமையக்கட்டுக்கு வந்து நெலைப்படியில சாஞ்சி நிப்பாரு. கத்திரிக்கா அரிஞ்சா ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னுவாரு, ரசம் பொங்கறதுக்கு முன்னாடியே எறக்கு எறக்குன்னுவாரு, தோசை திருப்பினா இன்னும் வேவலன்னுவாரு, வுட்டா தீஞ்சிபோச்சின்னுவாரு. கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து மாமியாகூட நொழையாத சமையக்கட்டு தம்பி அது. எனக்குன்னு இந்த வூட்ல இருந்ததே அந்த ஒரு எடம்தான். அதுவும் போச்சேன்னு கொழாயத் தொறந்து வுட்டுட்டு அழுதிருக்கேன், தண்ணி வீணாவுதுன்னு அதுக்கும் ஒரு சத்தம் போட்டாரு.

அந்த நேரத்துலதான் சாமி மாதிரி நீ அந்த ரயில அனுப்பின. அங்க பழைய சாமான் சந்தையில பாத்தேன், மாமாவுக்குப் பொழுதுபோவும்னு சொல்லி ஒரு எஞ்சினு, மூணு பெட்டி, வட்டமா தண்டவாளம், கரண்டு பெட்டி. ஹால்ல இருந்த கட்டில்மேல பலகை போட்டு எல்லாத்தையும் பூட்டினாரு. அன்னிலேர்ந்து அது கட்டில் இல்ல, ரயில் டேசன். விருந்தாளி வந்தாலும் தரையிலதான். ரயிலு சுத்தும், இவரு பக்கத்துல நாற்காலி போட்டுகினு மேற்பார்வை பாப்பாரு, நடுநடுவுல எஞ்சின் திக்கி நின்னா விரலால ஒரு தட்டு தட்டி வுடுவாரு. சமையக்கட்டுப் பக்கம் தலை வெச்சிப் படுக்கல. நான் ரசத்த என் இஷ்டத்துக்குக் கொதிக்க வுட்டேன்.

அது பொறுக்கல யாருக்கோ. மழை பிடிச்சதும் எஞ்சின் அடிக்கடி நிக்க ஆரம்பிச்சிது. முழுசா ஒரு சுத்து வராது, விளக்கு மினுக்கு மினுக்குன்னு மினுக்கும், நின்னுடும். தட்டினா நாலு வெரக்கடை போவும், மறுபடி நின்னுடும். தட்டித்தட்டி அலுத்துப்போயி இவரு எழுந்துடுவாரு. எழுந்தா எங்க போவாரு, நேரா என் நெலைப்படிக்குத்தான். ரயிலு சத்தம் நின்னாலே நான் கரண்டிய இறுக்கிப் புடிச்சிப்பேன். மொதல்ல கரண்டு ஆபீசத் திட்டினாரு. அப்புறம் கடக்காத்து உப்புன்னாரு. அப்புறம் ஆயுத பூசை வந்திச்சி. மில்லுல மிஷினுக்கெல்லாம் எப்பிடி பூசை போடுவாங்கன்னு நெனச்சிகினாரோ தெரியல, எஞ்சினுக்கு மட்டும் இல்லாம ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாரு. பழம் எஞ்சின் ஒசரம் இருக்குது. எஞ்சின் அதுமேல எப்பிடி ஏறும். இவரே பழத்தக் கையால நசுக்கி, எஞ்சினப் புடிச்சி அந்தச் சாத்துலயே முன்னும் பின்னும் உருட்டினாரு. சந்தனம் காஞ்சி சக்கரத்துல கெட்டியா ஒட்டிகிச்சி, அதுக்கப்புறம் தட்டினாகூட நகரல. புளி போட்டுத் தேய்ச்சிக் குடுன்னு எங்கிட்ட நீட்டினாரு. நானும் குத்துவிளக்க தேய்க்கிற மாதிரி தேய்ச்சேன். பளபளன்னுதான் ஆச்சி, ஆனா மேல்பூச்சும் கூடவே வந்துடுச்சி, மறுநா துரு.

அப்பத்தான் நீ வீடியோ கால்ல பாத்துட்டு சொன்ன. கரண்டு தண்டவாளத்துல ஓடுது மாமா, அது சக்கரம் வழியாத்தான் உள்ள மோட்டாருக்கு ஏறணும், அந்தப் பழைய சக்கரம் ஏற்கெனவே கரண்ட சரியா கடத்தாது, இப்ப சுத்தமா போச்சி, நான் வேற சக்கரம் அனுப்பறேன் கொஞ்சம் பொறுங்கன்னு. பொறுக்கிற ஆளா. தட்டாஞ்சாவடியில லேத்து வெச்சிருக்கிற காத்தவராயன்கிட்ட கெளம்பிட்டாரு. அந்தாளு ராக்கெட்டுக்கே சாமான் கடைஞ்சி கொடுத்தவன் மாதிரி பேசுவான். பித்தளையில கடைஞ்சி கொடுத்தான், பாக்க தாலிக்குண்டு மாதிரி அழகாத்தான் இருந்திச்சி. கொண்டாந்து மாட்டி, கரண்டு பெட்டிக் குமிழத் திருப்பினதுதான் தெரியும், எஞ்சின் அசையல, பெட்டி சூடாயி ஒரு தீஞ்ச வாடை அடிச்சி அணைஞ்சிபோச்சி. உனக்குப் போன் போட்டா, ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு நடுவுல பிளாஸ்டிக் வளையம் இருக்கணும், அது இல்லன்னா இந்தத் தண்டவாளத்துக் கரண்டும் அந்தத் தண்டவாளத்துக் கரண்டும் நேரா முட்டிக்கும்னு சொல்ற. பழசு கரண்ட கடத்தவே இல்ல, காத்தவராயன் சக்கரம் ஊருக்கே கடத்திச்சி. பெட்டி ஆறினதும் உயிர் வந்திச்சி, அது அங்காளம்மன் புண்ணியம். ஆனா ரயிலு ஓடாத அந்த ஒரு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உப்பு டப்பாவ எடத்த மாத்தி வெச்சிட்டாரு தம்பி.

இப்ப நீ அனுப்பின சக்கரத்துக்கு வர்றேன். லீவுக்கு வந்த வினோத்குமாரு நீ கொடுத்தனுப்பின பைய எடுத்துகினு வந்தப்ப நாங்க கோயிலுக்குப் போயிருந்தோம். பக்கத்து வூட்டுப் பார்வதிகிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கான். பார்வதி தையக்காரி. அவ பைய வைக்கும்போது அந்தச் சின்ன டப்பா தொறந்து சக்கரமெல்லாம் தரையில உருண்டிருக்கு. ரெண்டு பக்கமும் வட்டம், நடுவுல கம்பி, பாக்க தையமிசின் பாபின் மாதிரியே இருக்குதா, தன்னோட பாபின்தான் கொட்டிடுச்சின்னு நெனச்சி எடுத்து பாபின் டப்பாவுல போட்டுட்டா. நாங்க போயி கேட்டா, சாக்லேட்டும் சென்ட்டும்தான் வந்திச்சின்னு சாதிக்கிறா. உன் மாமா பித்துப்புடிச்ச மாதிரி ஆயிட்டாரு, நீ அனுப்பவே இல்லன்னு வேற முடிவு கட்டிட்டாரு. எனக்குப் பொறுக்கல. எந்தம்பி சொன்னா செய்வான்னு சண்டை போட்டுட்டு மறுபடியும் பார்வதி வூட்டுக்கே போனேன். அவ மிசின் முன்னாடி உக்காந்து, செவப்பு நூலு சுத்தின ஒரு ரயில் சக்கரத்த பாபின் எடத்துல திணிச்சிகினு, உள்ள போவ மாட்டேங்குதேன்னு அதத் திட்டிகினு இருக்கா. யாரோ கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டு நூலு அது. அவிழ்த்து வாங்கிகினு ஓடியாந்தேன்.

மாட்டினது யாருன்னு நெனைக்கிற. நான்தான். திருகாணி சீரகம் அளவு இருக்குது, உன் மாமாவுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியல. அவரு டார்ச்சு புடிச்சிகினு மெதுவா மெதுவான்னு சொன்னாரு. நான் முள்வாங்கியால திருகாணிய எடுத்து, அடித்தட்ட கழட்டி, காத்தவராயன் சக்கரத்த வெளிய தூக்கி, புதுசோட பல்லு உள்ள பல்லுல உக்காருதான்னு வெரலால உருட்டிப் பாத்து, மூடினேன். நடுவுல குக்கர் கத்திச்சி, போயி அடுப்ப நிறுத்துங்கன்னு நானே அவர அனுப்பினேன். கரண்டு பெட்டிக் குமிழத் திருப்பினதும், தம்பி, விளக்கு மினுக்காம எரிஞ்சிது. எஞ்சின் எறும்பு ஊர்ற மாதிரி மெள்ள ஊர்ந்து, திக்காம, நிக்காம ஒரு சுத்து, மறு சுத்து. சத்தியமா சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சி. கடலுக்கு அந்தாண்ட இருந்துகினு அக்கா படற கஷ்டம் தெரிஞ்சி, இத்துனூண்டு சக்கரம் தேடி வாங்கி அனுப்பினியே, பெத்த புள்ள செய்யுமா இதை. நீ அனுப்பினது சக்கரம் இல்ல, என் சமையக்கட்டு. இன்னிக்குக் காலையில தனியா நின்னு கத்திரிக்காய ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா அரிஞ்சேன். கேக்க ஆள் இல்ல.

இனிமே ரயில் சாமான் எதுவும் அனுப்பாத, இதுவே போதும், உனக்கும் செலவு, வினோத்குமாருக்கும் சுமை. ஹேமலதாவுக்கு என் அன்பு. அபியைத் தமிழில் பேசச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று வாழ வாழ்த்தும்,

உன் நன்றி மறவாத அக்கா,
செல்வாம்பாள்

பி.கு.: நேத்து எழுதின இத ஒட்டறதுக்குப் பசை எடுக்கப் போனவ திரும்பி வந்து எழுதறேன். இன்னிக்கு சனிக்கிழமை. காலையிலேர்ந்து ரயிலு ஒரு தடவைகூட நிக்கல. உன் மாமா நாற்காலியில உக்காந்து பாத்துகினே இருந்தாரு, விரல நீட்டிகினு காத்திருந்தாரு. அப்புறம் எழுந்து, "இதுல எனக்கு இன்னா வேலை இருக்குது செல்வா, அதுவா ஓடுது"ன்னு சொல்லிட்டு சமையக்கட்டுக்கு வந்து கரண்டிய என் கையிலேர்ந்து வாங்கிகினாரு. நான் ஒரு சத்தம் போட்டுட்டு ஹாலுக்கு வந்தேன், ரயில நிறுத்திட்டுப் போயி ஒரு கை பாக்கலாம்னு. நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சுத்து மெதுவா ஓட்டிப் பாத்தேன். அப்புறம் வேகமா ஒண்ணு. அப்புறம் பின்னாடி ஓட்டினா மூணு பெட்டியும் கழலாம வருதான்னு பாக்கணும்ல, அது ஒண்ணு. மதியம் ஆயிடுச்சி தம்பி. அதனால அனுப்பாதன்னு மேல எழுதினத அடிச்சிடு. கூட்ஸ் எஞ்சின் இருந்தா பாரு, கறுப்பா, சக்கரம் நல்லா கரண்டு கடத்தறதா. எம் பேருக்கு அனுப்பு. கொழம்பு அவருதான் வெச்சாரு, வாயில வெக்க முடியல. அருமைன்னு சொல்லிட்டேன். நல்லால்லன்னு சொன்னா கோச்சிகினு ரயில்கிட்ட வந்துடுவாரு.