ஞாயிற்றுக்கிழமைப் புகை

எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்பில் பாதி எரிந்துபோனதற்கு நான்தான் காரணம். தீ வைத்தது நானில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பழியைச் சுமந்தவர் சொல்தா.

காரைக்கால் கடற்கரையில் ஒரு நல்ல தீக்காக அவரைப்போல் ஏங்கிய மனிதர் கிடையாது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்புகிறவர்களை இங்கே சொல்தா என்போம். மற்ற சொல்தாக்கள் மாடி வீடு கட்டினார்கள். இவர் தீயணைப்புப் படை கட்டினார். வலைக்காரப் பையன்கள், ஒரு மினிபஸ் கண்டக்டர், துபாயிலிருந்து லீவில் வந்து மாட்டிக்கொண்ட சிலர். சம்பளம் கிடையாது, ஆளுக்கொரு சிவப்பு வாளி உண்டு.

கல்யாண வீட்டில் ஹோமம் வளர்த்தால் சொல்தா வாளியோடு ஆஜர். ஊரில் எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு சிவப்பு வாளி தெரியும். என் மகள் கல்யாணத்தில் ஐயர் கெஞ்சியே விட்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், நெய் ஊத்தணும்."

"ஊத்துங்க சாமி. எவ்வளவு ஊத்துறீங்கன்னுதான் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்போரம் ஈர மட்டைகளைக் குவித்துக் கொளுத்தி ஒத்திகை நடத்துவார். "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டுவார்.

"பெருசு, கறிக்கடையில கூட்டம் வந்துடும். சீக்கிரம் அணைச்சிடலாமா?" என்பான் ஒரு பையன்.

"அத தீகிட்ட கேளுடா!"

அதோடு விட்டாரா? எவ்வளவு வேகமாக வருகிறார்கள் என்று பார்க்கத் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் போடுவார். இரண்டு முறை அலறிக்கொண்டு வந்த வண்டிக்கு டீ மட்டுமே கிடைத்தது. அதன்பிறகு அவர்கள் என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பொய் சொல்லமாட்டார் அல்லவா? சொல்தா போன் செய்ததும் என்னைக் கேட்பார்கள்: "சார், நெசமா, ஒத்திகையா?" நான் தெருமுனை வரை நடந்துபோய்ப் பார்த்துச் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார்கள். மடியில் பேப்பர் இருந்தது. கையில் இட்லி இருந்தது. ஜன்னலில் வழக்கமான திசையில் புகை தெரிந்தது.

"ஒத்திகைதான். வர வேணாம்" என்றேன்.

எரிந்துகொண்டிருந்தது காதர் பாயின் பந்தல் கிடங்கு. கீற்று, சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி என்று தீக்குப் பிடித்ததெல்லாம் அங்கே இருந்தன. மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று தீயைத் தூக்கிப் பின்னாலிருந்த சவுக்குத் தோப்பில் போட்டது. தோப்புக்கு அந்தப் பக்கம் மீனவர் வீடுகள். கூக்குரல் கேட்டு, நிலையத்துக்கு மறுபடி போன் செய்துவிட்டு, நான் ஓடியபோது சொல்தா தோப்புக்குள் நின்றார். இவ்வளவு நாள் தீக்காக ஏங்கிய மனிதரின் முகத்தில் அப்போது துளி சந்தோஷமில்லை.

"கெடங்கு போச்சு, விடுங்கடா! தோப்புக்கு ஓடியாங்க!"

"யா அல்லாஹ், என் சேரெல்லாம்!" என்று காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"சேர் வாங்கிக்கலாம் பாய். அந்தாண்ட புள்ளைங்க இருக்கு!"

பக்கத்து இறால் குட்டையில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தோப்புப் பக்கம் திருப்பினார்கள். ஈரச் சாக்கால் தீயை அடித்தார்கள். கண்டக்டர் விசிலடித்து ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்தினார். சொல்தா அரிவாளோடு பாய்ந்து பச்சை மரங்களை வரிசையாகச் சாய்த்தார்.

"நல்ல மரத்த ஏன்யா வெட்டுற?" என்று கத்தினார் தோப்புக்காரர்.

"தீய பட்டினி போடுறேன்!"

வெட்டித் துடைத்த மணல் வரைக்கும் வந்த தீ, அங்கேயே படுத்துவிட்டது. ஒரு குடிசைகூட எரியவில்லை. அப்புறம் வந்த வண்டி சாம்பலை நனைத்தது. இரண்டு புருவமும் கருகிப்போய் நின்ற சொல்தா, "மொதல்லயே போன் பண்ணேனே, ஏன் வரல?" என்று எல்லோரையும் கேட்டார். என்னையும் கேட்டார். நான் குனிந்து வேட்டியில் ஒட்டிய சாம்பலைத் தட்டினேன்.

ஊர் பேசியது. "வாராவாரம் பொக போட்டா, நெசத் தீய எவன் நம்புவான்?" படையைக் கலைக்கச் சொன்னார்கள். சொல்தா வீடு வீடாகப் போய் வாளிகளை வாங்கித் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு போனார். நிலையத்துக்காரர்கள் என் வயதுக்கு மரியாதை கொடுத்து வாயைத் திறக்கவில்லை. நானும் இரண்டு வாரம் அந்த மரியாதைக்குள் ஒளிந்திருந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "வண்டியைத் தடுத்தது நான்" என்றேன். என் தென்னந்தோப்புக் கீற்றையெல்லாம் காதர் பாய் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டார். இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

சொல்தா என் எதிரே வந்து நின்றார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"எந்திரிச்சுப் பாக்கலையா சார்?"

"இல்லை."

"வாசல் வரைக்கும்கூட?"

"இல்லை."

பாதி முளைத்த புருவத்தைத் தடவிக்கொண்டார். "நாளன்னிக்கி விடியக்காலம் தோப்புக்கு வந்துடுங்க. மொதல்ல எந்திரிக்கப் பழகுவோம்."

கூட்டம் சிரித்துவிட்டது. படை பிழைத்தது.

இப்போது நான் வாளி வரிசையின் கடைசி ஆள். காலி வாளிகளைத் திருப்பி அனுப்புவது என் வேலை. "சார், அது வாளி, பச்சப்புள்ள இல்ல. வீசுங்க!" என்று என் பழைய மாணவர்கள் முன்னாலேயே சொல்தா கத்துகிறார். மனைவி போனபிறகு இந்த ஊரில் என்னை உரிமையோடு திட்ட வேறு ஆளில்லை. சனிக்கிழமை சாயங்காலமே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுகிறேன்.