மேனிஃபோல்டு தேய்த்த தாய்மாமன்

சாப்பாட்டு மேசையின் நடுவில் மோரிஸ் மைனர் காரின் மேனிஃபோல்டு கிடந்தது. தங்கம் அதைச் சற்றே நகர்த்திவிட்டு ரசத்தை வைத்தாள்.

"தொடாத! உள்பக்கம் தேய்ச்சிட்டு இருக்கேன்லா!" என்று அலறினார் அவள் கணவர் அழகப்பன்.

"நான் வெளிப்பக்கம்தாங்க தொட்டேன்."

கையில் உருண்டை அரம், மடியில் உப்புத்தாள், மீசையில் அலுமினியத் தூள். துறைமுக ஆபீஸில் கிளார்க் வேலை பார்க்கும் மனிதர் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குச் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் அவர் தங்கை ரத்தினம்மாவின் இளைய மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன். அந்தக் குழந்தைக்கு இருந்த தாய்மாமன் அவர் ஒருவர்தான்.

மூத்தவளின் காதுகுத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, அவள் காதில் புதுத் தோடு மின்ன, மாப்பிள்ளையின் தம்பி மடியில் உட்கார்ந்து ஜிலேபி தின்றுகொண்டிருந்தாள். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது சித்தப்பன் மடி! சொந்தக்காரர்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை, மறக்க விடவும் இல்லை. இரண்டு பிள்ளையோடு சரி என்று ரத்தினம்மா சொல்லிவிட்டாள். ஆக, அழகப்பனின் மடிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் காரணம். கல்யாணம், வளைகாப்பு, கருமாதி என்று எதற்குமே அது அவரை நேரத்தில் கொண்டு சேர்த்ததில்லை. அப்படித்தான் அவர் போகிற இடமெல்லாம் சொல்லிவந்தார்.

தாம்சன் ரோட்டில் கார்ப் பந்தயம் பார்க்கப் போன இடத்தில்தான் அவருக்கு வழி கிடைத்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் விளக்கினார். காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் போகிற குழாய்தான் மேனிஃபோல்டு. வார்க்கும்போது வந்த சொரசொரப்பு உள்ளே அப்படியே இருக்கும். அதைத் தேய்த்து வழவழப்பாக்கி, வாயையும் கொஞ்சம் அகலமாக்கினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும், கார் பறக்கும். அழகப்பன் வீட்டுக்கு வரும் வழியிலேயே அரம் வாங்கிவிட்டார்.

"பஸ்ஸுல போயிடலாமே," என்றாள் தங்கம்.

"சீர்த்தட்டோட தாய்மாமன் பஸ்ஸுல போறதா? கண்டக்டர் தட்டுக்கும் சேர்த்து டிக்கெட் கேப்பான்."

வியாழக்கிழமை மேனிஃபோல்டை மாட்டினார். எஞ்சின் விசில் அடித்தது. ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருந்த ரவூப் பாயிடம் காரைக் கொண்டுபோனார்.

ரவூப் குனிந்து பார்த்தார். "அண்ணே, யாரு இத தேய்ச்சது?"

"நான்தான்."

"இடையில வைக்கிற கேஸ்கெட் தகட்ட விட வாய் பெருசாப் போச்சு. சந்துல காத்து இழுக்குது. நான் வேற கேஸ்கெட் வெட்டித் தர்றேன். நீங்க இனிமே இதுல கை வைக்காதீங்க."

புது கேஸ்கெட் வந்ததும் விசில் நின்றது. அழகப்பன் வீட்டுக்கு வந்து யோசித்தார். மேனிஃபோல்டுக்கு இரண்டு வாய். ஒன்றுதான் அகலமாகியிருந்தது. ஒரு மூக்கு அடைத்தவன் எப்படி ஓடுவான்? கழற்றி இரண்டாவது வாயைத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை மாலை அரத்தின் முனை குழாயின் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

சனிக்கிழமை ரவூப் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஏதோ ஒரு பசையைக் குழைத்து ஓட்டையை அடைத்தார்.

"தாங்குமா பாய்?"

"மெதுவாப் போனா தாங்கும்."

"வேகமாப் போறதுக்குத்தானே பாய் இவ்வளவும்!"

"அது இத தேய்க்கிறதுக்கு முன்னாடி."

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிட்டது. அணையாமலிருக்க ரவூப் ஒரு திருகை முறுக்கினார். இப்போது காலை எடுத்தாலும் கார் ஓடியது. "ஓடுறது இனி பிரச்சனையில்ல," என்றார் ரவூப். "நிக்கிறதுதான்."

ஞாயிற்றுக்கிழமை அழகப்பன் விடியும் முன்பே எழுந்துவிட்டார். சவரம் செய்தார். மீசையை இடப்பக்கம் கத்தரித்தார், அதற்கு ஈடாக வலப்பக்கம் கத்தரித்தார், பிறகு மறுபடி இடப்பக்கம். பட்டு ஜிப்பா போட்டுப் பார்த்துக் கழற்றினார். வெள்ளைச் சட்டை போட்டார். ஜிப்பாவே தேவலை என்று மாற்றினார். படியிறங்கியவர் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ஏறினார். மறுபடி இறங்கியவர் பூட்டை இழுத்துப் பார்க்க ஏறினார்.

தங்கம் கீழே பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கொஞ்சமாவது பதட்டம் இருக்கா?" என்று கத்தினார்.

"இருக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

அவர்கள் காரில் ஏறியபோது மணி எட்டரை. இனி எல்லாம் மேனிஃபோல்டின் கையில்.

மேனிஃபோல்டு கைவிடவில்லை. கார் பறந்தது. நியூட்டன் சர்க்கஸ் ரவுண்டானாவில்தான் சிக்கல் வந்தது. வளையத்தைவிட்டு வெளியேற வேகத்தைக் குறைக்க வேண்டும். கார் குறைக்கவில்லை. சுற்றினார்கள்.

"என்னங்க, இந்தப் போலீஸ்காரர இப்பதானே பாத்தோம்?"

"பேசாம இரு."

அடுத்த சுற்றில் போலீஸ்காரர் வணக்கம் வைத்தார்.

ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு புக்கிட் தீமா ரோட்டில் விழுந்தார்கள். தேக்கா மார்க்கெட் கண்ணில் பட்ட நேரத்தில் ரவூப்பின் பசை பிடுங்கிக்கொண்டது. கார் ஒரு முறை தும்மி நின்றுவிட்டது. மார்க்கெட்டுக்கு வந்த பாதிப் பேர் தள்ளியும் அசையவில்லை. அழகப்பன் மிதித்து ஓட்டும் டிரைஷா ஒன்றைப் பிடித்தார். சீர்த்தட்டைத் தங்கத்தின் மடியில் வைத்துவிட்டு, பட்டு ஜிப்பாவில் கிரீஸ் வழிய ஏறி உட்கார்ந்தார். கோயிலுக்குள் அவர் ஓடியபோது மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது.

மண்டபம் காலி. மாக்கோலம் மட்டும் இருந்தது. தூணோரமாக ஒரு தவில்காரர் உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அழகப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"போச்சு தங்கம். இந்த மடியும் போச்சு." கண்ணீர் மீசையில் இறங்கியது. அவர் உண்மையாகவே அழுதார்.

"கொஞ்சம் உக்காந்திருங்க. பூ வாங்கிட்டு வந்துர்றேன்," என்று தங்கம் வெளியே நடந்தாள்.

அழகப்பன் தவில்காரரைப் பார்த்தார். "ஏங்க, காதுகுத்து முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்களா?"

"இன்னும் யாருமே வரலண்ணே, பத்தரைக்குத்தானே முகூர்த்தம்!" என்றார் தவில்காரர். "தாய்மாமன்கிட்ட மட்டும் எட்டரைன்னு சொல்லி வச்சிருக்காங்க. அந்தாளுக்கு ஏரோப்ளேனே வாங்கிக் குடுத்தாலும் லேட்டாத்தான் வருவாராம், அவரு பொஞ்சாதி குடுத்த யோசனையாம்லா. ஆமா, நீங்க புள்ளைக்கு என்ன முறை வேணும்?"