நூறு கெஜமும் இரண்டாவது வெடியும்

ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எல்லோரும் தரையோடு ஒட்டிக்கொண்டு அவரவர் சாமியைக் கூப்பிடுவோம். சத்தம் கேட்டதும் உற்சாகமாகக் கிளம்பக்கூடிய ஆள் இந்த ஊரிலேயே, ஏன், உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்தார். என் கஷ்டகாலம், தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரே மாடியறையில் அவரோடுதான் நான் குடியிருந்தேன்.

அவரை நூறு கெஜம் என்போம். மதராஸில் கல்லூரியில் படித்தபோது நூறு கெஜ ஓட்டத்தில் அங்கிருந்த அத்தனை கல்லூரிகளையும் மண்ணைக் கவ்வ வைத்தவர். பிறகு கப்பலேறி வந்து ஒரு கம்பெனியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தார். வேலை மாறிய விஷயம் அவருடைய கால்களுக்கு மட்டும் தெரியாது. சோற்றுக்கடைக்குப் போவதானாலும் ஒரு காலைப் பின்னால் ஊன்றி, குனிந்து, பிறகுதான் புறப்படுவார்.

வெடிச் சத்தம்தான் அவருக்கு வினை. பந்தயத் துப்பாக்கி கேட்டுக் கேட்டு, மூளை யோசிப்பதற்குள் கால் போய்விடும். யுத்தத்துக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டில் ஒரு லாரி டயர் வெடித்தது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மனுஷன் காப்பிக் குவளையோடு அடுத்த சாலையான ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நின்றார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று கடைசிவரை சாதித்தார்.

அப்போது சிரித்தோம். ஜப்பான்காரன் வந்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுகிறவனைச் சுட்டுவிடுவார்கள், ஏன் ஓடினாய் என்று கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. இவர் என்றைக்காவது பிணமாகத்தான் வீடு வருவார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடிக் காதில் பஞ்சு வைக்கச் சொன்னேன். வைத்தார். சிப்பாய் அதட்டியது காதில் விழாமல் ஓர் அறை வாங்கினார். பஞ்சு அன்றோடு போயிற்று.

காவல் சிப்பாயைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும் என்பது உத்தரவு. நூறு கெஜம் ஒரு காலைப் பின்னால் வைத்து, விரல் தரையில் படுமளவு குனிவார். இவ்வளவு பணிவான ஆளைப் பார்த்ததில்லை என்று சிப்பாய் மெச்சித் தலையாட்டுவான். பக்கத்தில் நிற்கிற நான் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். மனுஷன் கும்பிடவில்லை, கிளம்பத் தயாராகிறார் என்பது எனக்கல்லவா தெரியும்?

ஒரு காலையில் அரிசிக்கு வரிசையில் நின்றோம். பின்னாலிருந்தவர்கள் நெருக்கித் தள்ள, வரிசை உடைந்தது. சிப்பாய் வானத்தைப் பார்த்துச் சுட்டான். அத்தனை பேரும் விழுந்தோம். நூறு கெஜம் பறந்தார்.

சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்திக் குறிவைத்தான். நான் எழுந்து நின்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் இரண்டாவது வெடி. அவர் காலருகே மண் தெறித்தது.

நூறு கெஜம் நின்றார். திரும்பினார். இடுப்பில் கை வைத்து, தலையைத் தொங்கப் போட்டு, காலை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். வந்தவர் புறப்பட்ட அதே இடத்தில் மறுபடி குனிந்தார். இன்னொரு வெடி வெடித்தால் மறுபடி போவார்.

ஓடியவன் தானாகத் திரும்பி வந்ததை அந்தச் சிப்பாய் எங்கேயும் கண்டிருக்க மாட்டான். துப்பாக்கியை இறக்கி, கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். உச்சி வெயில்வரை நிற்கவைத்து, போகச் சொன்னான்.

அறைக்கு வந்து அவர் முகத்துக்கு ஈரத்துணி வைத்தேன்.

"ஏண்ணே திரும்பி வந்தீங்க?"

"ரெண்டாவது வெடி கேட்டுச்சுல்ல? யாரோ முந்திக் கிளம்பிட்டாங்க, எல்லாரும் கோட்டுக்குத் திரும்புங்கன்னு அர்த்தம். பாத்தா, முந்தினது நான்தான். வெக்கமாப் போச்சுப்பா."

சுட்டது தன்னை என்று அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஈரத்துணியை என்னிடமிருந்து வாங்கித் தானே முகத்தில் அழுத்திக்கொண்டார்.

"நான் நிக்காம ஓடியிருந்தா நீ என்னப்பா பண்ணியிருப்பே?"

"பின்னாலயே ஓடி வந்திருப்பேண்ணே."

"நீயா? உன் வேகத்துக்கா?" என்று வீங்கிய உதட்டோடு சிரித்தார்.

அவர் நம்பவில்லை. ஆனால் நான் ஓடித்தான் இருப்பேன்.