குருத்துப்பூச்சியின் இடத்தில் மாமா

நன்னிலம்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ரெத்தினம் மாமா அவர்களுக்கு,

தங்கை மகள் தமிழ்நிலா பணிவுடன் எழுதுவது. இங்கு அம்மா, நான், கம்ப்யூட்டர் மூவரும் நலம். உங்கள் நலம் கேட்கப் போன் செய்தால், என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே தபாலாபீஸ் போய்க் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்தவர், "ஆதாருக்கா வந்தீங்க?" என்றார். "இல்லைங்க, மன்னிப்புக் கேக்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் உழவர் குழுக் கூட்டத்தில் நடந்தது முழுக்க என் தவறு. நெற்பயிரின் நோய்களையும் பூச்சிகளையும் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள நான் செய்த ஆப்பை, குழுத் தலைவர் என்ற முறையில் வேளாண் அலுவலர் அம்மா முன்னால் பெரிய திரையில் காட்டினீர்கள். குருத்துப்பூச்சி என்ற தலைப்பைத் தொட்டதும் பூச்சிக்குப் பதில் நீங்கள் வந்தீர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி. கீழே, "கண்டவுடன் மருந்தடிக்கவும்" என்று இருந்தது. அலுவலர் அம்மாகூட பைலால் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று கூட்டத்துக்கு வந்திருந்த காத்தான் அண்ணன் சொன்னார்.

இது எப்படி நடந்தது என்று விளக்கிவிடுகிறேன். ஆப்பை முதலில் உங்களிடம் கொடுத்தபோது உங்கள் போன் சூடாகி, சட்டைப் பையிலேயே அணைந்து போனது. ஒரு போட்டோ சும்மா கிடக்கும்போது நாலு எம்.பி.தான் மாமா. திறந்து திரையில் காட்டும்போது மெமரியில் நாற்பத்தெட்டு எம்.பி. இடம் கேட்கும், ஓர் ஆழாக்கு அரிசி பானை நிறையச் சோறாவதுபோல. நானோ முப்பது படங்களையும் முழு அளவில் திறந்துவிட்டு, பார்த்து முடித்ததை மெமரியிலிருந்து விடுவிக்கவே இல்லை. என்னோடு வேலை செய்யும் பர்வின், "வந்தவங்களை எல்லாம் உக்கார வெச்சே, ஒருத்தரையாவது எழுப்பி அனுப்புனியாடி?" என்றாள். சரியென்று அனுப்பினேன். அவசரத்தில் திரையில் இருந்த படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் கறுப்புக் கட்டமாகிவிட்டது. "என்னம்மா, எல்லாத்துக்குமே கருகல் நோயா?" என்று கேட்டது நீங்கள்தான். அப்புறம் புத்தி வந்து, படங்களைத் திரைக்கு வேண்டிய அளவுக்குச் சின்னதாக்கி, கடைசியாப் பார்த்த பத்தை மட்டும் மெமரியில வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் குடுத்தேன். அங்கதான் மோசம் போயிட்டேன். முதல் பக்கத்துல தலைவர்னு போட்ட உங்க படத்துக்கும் பூச்சி படத்துக்கும் ஒரே பேர் விழுந்திருக்கணும். பூச்சியைக் கேட்டா மெமரி உங்களை எடுத்து நீட்டியிருக்கு.

ரெண்டு நாளா வரி வரியாத் தேடுறேன், அந்தத் தப்பு எங்கே இருக்குன்னு இன்னும் அகப்படல. அம்மா வேற, "எங்கண்ணனை அங்கேருந்து எடுக்குற வரைக்கும் எங்கிட்ட பேசாத"ன்னுட்டாங்க. ஆப்பை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அடுத்த புதன்கிழமை குழுவில் முடிவெடுக்கிறீர்களாம். வேண்டாம் என்றால் ஒன்றரை வருஷ உழைப்பை மூட்டை கட்டிவிட்டு நான் பழையபடி சென்னைக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான். நீங்கள் எழுந்து நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் மாமா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அம்சம் அத்தைக்கு என் அன்பு. உங்கள் சம்பா நன்றாகப் பால் பிடிக்கட்டும். கோபம் வாய்க்காலோடு போகட்டும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தமிழ்நிலா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பர்வின் ஓடி வந்தாள். மெமரியில் தவறே இல்லையாம். விவசாயிகள் தாங்களே படம் அனுப்ப ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இடம் வைத்திருக்கிறோம்; கடைசியாக வந்த படம்தான் முதலில் தெரியும். குருத்துப்பூச்சிப் பக்கத்துக்கு உங்கள் படம் அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. அனுப்பிய நம்பர் அத்தையுடையது. போன் போட்டுக் கேட்டேன். "பயிரைக் கெடுக்குறது எதுன்னு உன் ஆப்தான் படம் எடுத்துப் போடச் சொல்லுச்சு. வேணாம் வேணாம்னு சொல்லியும் மூட்டை மூட்டையா யூரியாவைக் கொட்டுறாரு. அதான் போட்டேன்" என்றார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படத்தை நீக்க அனுப்பியவரின் சம்மதம் வேண்டும். இந்தச் சம்பாப் பட்டம் முடியட்டும், யோசிக்கிறேன் என்கிறார் அத்தை.