சிரிக்காத திங்கட்கிழமை

பட்டறையில் ஐந்து பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆளின் முகம் மட்டும் அம்மிக்கல் மாதிரி இருந்தது.

அவன் மேல் தப்பில்லை. அன்று காலைதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதில் இடது கன்னம் யார் வீட்டுக் கன்னமோ என்று கிடந்தது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியும் எல்லோரும் அவனைப் ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை அது. திங்கள்தோறும் பதினொரு மணி டீயின்போது முதலாளி ஒரு பொன்மொழி சொல்வார். கேட்டதும் சிரித்துவிட வேண்டும். எங்கேயும் எழுதிவைக்காத சட்டம்.

இன்றைக்குச் சொன்னது இது: “படம் நல்லா இருந்தா சட்டத்தை எவனும் பார்க்க மாட்டான். மோசமா இருந்தாத்தான் ‘ஆகா, சட்டம் பிரமாதம்’பான். நமக்குச் சோறு போடறது அந்த ரெண்டாவது ஆளுதான்.”

முதலாளி புதுசையே உற்றுப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

“முடிஞ்சுது உன் கதை,” என்றார் கண்ணாடி வெட்டும் அண்ணன்.

“அண்ணே, பல்லு புடுங்கியிருக்கேன்...”

“அவர் பேச்சுக்குச் சிரிக்கப் பல்லு எதுக்குடா? தோளைக் குலுக்கினா போதும். நான் ஒம்பது வருசமா குலுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

புதுசுக்குக் கவலை கடிதத்தைப் பற்றி. ஆறு மாதத் தற்காலிக வேலை போன மாதமே முடிந்துவிட்டது. நிரந்தரக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. அதைக் காட்டினால்தான் மனைவியை ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். கல்யாணமான பதினேழாம் நாள் விமானம் ஏறியவன் அவன்.

“கடுதாசி குடுத்துட்டாங்களா?” என்பாள் அவள் தினமும் போனில். “இல்ல, உங்க முதலாளிக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?”

மத்தியானம் கன்னம் திரும்பி வந்ததும் முதலாளி அறைக்கு ஓடினான்.

“சார், நான் சிரிக்கலன்னு தப்பா நினைக்காதீங்க. அது சிரிச்சுத் தள்ளுற விஷயமே இல்ல சார். அப்படியே உள்ள இறங்கிடுச்சு.”

“இறங்கிடுச்சா?”

“வாரத்துக்கு ஒண்ணு பத்தலை சார்.” வாய் தானாக ஓடியது. “தினமும் கேக்கணும் போல இருக்கு.”

முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “பத்தலையா...” என்றார்.

செவ்வாய்க்கிழமையே ஆரம்பமாகிவிட்டது. “கண்ணாடி போட்ட படத்துல ஜனங்க முதல்ல பார்க்கிறது அவங்கவங்க மூஞ்சியைத்தான்.” அது தேவலை.

புதன்கிழமை: “ஆணி இல்லாத சுவரும் சுவர்தான்.” எங்கே சிரிப்பது என்று தெரியாமல் எல்லோரும் முழித்தார்கள். அண்ணன் அனுபவசாலி, முதலில் தோளைக் குலுக்கினார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

வியாழக்கிழமை: “மரம்... வந்து... மரம்னா மரம்தான்.” கரகோஷம்.

டீ ஆறிப்போனது. ஐந்து பேரும் புதுசைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“வாரம் ஒருநாள் செத்துக்கிட்டிருந்தோம். தினமும் சாக வச்சுட்டியே, பாவி! நீயே போய் நிறுத்து!”

போனான். கும்பிடாத குறையாக நின்றான்.

“சார், இவ்வளவு அருமையான வார்த்தையெல்லாம் காத்தோட போகுதே! எழுதிச் சட்டம் போட்டு மாட்டிட்டா, நீங்க தினமும் சொல்லிச் சிரமப்பட வேணாம்.”

“மாட்டறதா?” முதலாளிக்கு வியர்த்தது. “எல்லாருமா ஆசைப்படறாங்க?”

“உசிரை விடறாங்க சார்.”

வெள்ளிக்கிழமை முதலாளி அறைக் கதவு சாத்தியிருந்தது. மாட்டுவதென்றால் சாதாரண வார்த்தை உதவாதாம், ஆளுக்கு ஒன்று புதிதாக வேண்டுமாம். முடிகிற வரைக்கும் யாரையும் பார்க்க மாட்டாராம், எந்தக் காகிதத்தையும் தொட மாட்டாராம்.

“உன் கடுதாசியும் கோவிந்தா,” என்றார் அண்ணன் திருப்தியோடு.

அன்றைக்கு மனைவி போனில் கேலிகூடப் பண்ணவில்லை. “சரி, விடுங்க” என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவனைக் கொன்றது.

வாசல் மேசையில் உட்கார்ந்து பட்டறைக் கடிதங்களையெல்லாம் டைப் அடிப்பது முதலாளியின் மனைவி. நேரே அவரிடம் போய் நின்றான்.

“மேடம், நான் சிரிக்காததாலதானே கடிதம் வரல? இனிமே முதல் ஆளா சிரிக்கிறேன் மேடம். பல்லுகூட இப்ப வலிக்கல.”

அந்த அம்மாள் சாத்தியிருந்த கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“உன் கடுதாசியில அவர் கையெழுத்துப் போட்டு மூணு வாரமாச்சு தம்பி. சும்மா எடுத்துக் குடுத்தா நீங்க ஆறு பேரும் ஏமாந்து போயிடுவீங்களாம், குடுக்கும்போது சொல்றதுக்கு நல்லதா ஒரு வார்த்தை கிடைக்கலன்னு மனுசன் தூக்கமில்லாம தவிச்சுக்கிட்டு இருக்காரு!”