தாம்பாளத்தில் சுழன்ற மயில்

முடியாததை முடியும் என்று சொல்லிவிட்டு, அதை எப்படிச் செய்வதென்று அப்புறம் யோசிக்கிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் பிளேட் வைத்த பிறகு, என் கை பிடிக்கும், அழுத்தும், திரும்பாது. அதுவரை குடும்பத்துக் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் மருதாணி போட்டது நான்தான். (யாரும் கேட்காமலேயே கோனோடு போய் உட்கார்ந்துவிடுவேன் என்பது வேறு விஷயம்.) நாத்தனார் ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "வெளியில ஆள் சொல்லிடலாமாம்மா?" என்று என் மாமியார் தயங்கிக் கேட்டார். "எதுக்கு அத்தை? நான் போடுறேன்" என்றேன். அந்த வேலையும் போய்விட்டால் இந்தக் கை எதற்கு என்று உள்ளுக்குள் பயம்.

என் கை திரும்பாவிட்டால் என்ன, போட்டுக்கொள்கிறவர் கை திரும்பட்டுமே. தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கையை வைக்கச் சொல்லி, கோனை அசையாமல் பிடித்தபடி இடது கையால் தாம்பாளத்தைச் சுழற்றினேன். நாங்கள் இருக்கும் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் ஒத்திகைக்குக் கிடைத்தவர் என் கணவர். உள்ளங்கையில் அரை மயிலோடு ஒரு வாரம் வேலைக்குப் போய்வந்தார். "சாப்பிடும்போது எல்லாரும் என் கையைத்தான் பார்க்கிறாங்க" என்றார். கழுத்து நன்றாக வந்திருந்தது, பார்க்கத்தானே செய்வார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், மண்ணச்சநல்லூரில் மாமியார் வீடு. ரேவதியின் ஒரு கையில் மயில் முடிந்து ஈரத்தோடு இருந்தது. மறு கை தாம்பாளத்தில். அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பூவோடு உள்ளே வந்தார். "மாமியார் வந்தா எழுந்து கும்பிடணும்" என்று ரேவதிக்கு ஒரு மாதமாகப் பாடம் நடந்திருந்தது. எழுந்தாள். கும்பிட்டாள்.

வழக்கமாகப் பெண்ணின் விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் போடுவேன். என் புதிய ஏற்பாட்டில் அவள் கையைப் பிடிக்க ஆளே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கைகளைப் பிரித்தால் இந்தப் பக்கம் பாதி மயில், அந்தப் பக்கம் ஏதோ ஒன்று. "அண்ணி..." என்றாள் ரேவதி, அழுகைக்குச் சற்று முந்தைய குரலில். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "என் கை திரும்பாதுங்க, அதான் இப்படி ஆயிடுச்சு" என்றேன். வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை, புதிதாக வந்த சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன்.

அவர் பூப்பையைக் கீழே வைத்தார். "கழுவிட்டு வாம்மா ரேவதி. நான் வந்துதானே கெட்டுச்சு, நானே பிடிச்சுக்கிறேன்" என்று தரையில் உட்கார்ந்தார். மருமகள் கையைத் தாம்பாளத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் திருப்பணும், சொல்லுங்க" என்றார். சொல்லச் சொல்லத் திருப்பினார். இரண்டாவது மயில் கொஞ்சம் குண்டு. அடியில் பழைய மயிலின் கறையும் தெரிந்தது. கல்யாண ஆல்பத்தில் இரண்டும் இருக்கின்றன.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால், மண்டபம் முடிவானதும் அடுத்த பேச்சு தாம்பாளத்தை யார் ஓட்டுவது என்பதுதான். ஸ்ரீரங்கத்து அம்மாதான் சீனியர் டிரைவர். போன மாதம் ஒரு வளைகாப்பில், விழுந்ததிலிருந்து வந்த பழக்கதோஷத்தில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது.

"கையை அங்க பார்க் பண்ணிட்டு என்ன பண்றே? வெளியே எடும்மா, நான் வந்தாச்சு."